வண்ணம் உதிர்ந்த சிறு விமானம்

எப்பொருளும் புதிதாக இருக்கும்போதே அழகாக இருக்கிறது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். வீட்டுக் கதவில் வண்ணம் உரிந்தால் மீண்டும் பூசுகிறோம்; மிதிவண்டியில் துரு ஏறினால் தேய்த்து நீக்குகிறோம். ஆயினும், பல நாள் உழைத்துக் கையகலச் சிறு விமானம் ஒன்றைச் செய்து, குறையின்றி வண்ணமும் பூசி முடித்தபின், அவ்வண்ணத்தைத் தாமே ஆங்காங்கே உதிர்த்து, புகைக்கறையும் எண்ணெய்க்கறையும் தீட்டி, அதனைப் பழையதாக்கி மகிழ்வோர் உலகெங்கும் இருக்கின்றனர். இது வீண் வேலையா? இதில் மாணவர்கள் கற்கத்தக்கது ஏதேனும் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், மாதிரி விமானம் என்பது யாது என்று தெளிவாக்கிக் கொள்வோம். கடையில் விற்கும் விளையாட்டுப் பொம்மைக்கு இறக்கையும் வாலும் இருந்தால் போதும். அளவுப்படி செய்யும் மாதிரி அத்தகையதன்று. உண்மை விமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சிறுத்து அதில் அமைதல் வேண்டும். 72இல் ஒரு பங்கு என்னும் விகிதம் பெரிதும் வழங்குவது. 6 அடி உயரமுள்ள மனிதன் அவ்விகிதத்தில் 1 அங்குலம் ஆவான். இறக்கை முனைக்கு முனை 40 அடி நீளமுள்ள ஹரிக்கேன் என்னும் போர் விமானம் ஏறத்தாழ 17 செண்டிமீட்டர் அளவினதாகி நம் உள்ளங்கையில் வந்து அமரும். 1936-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஃப்ராக் பெங்குவின் என்னும் பெயருடன், இந்த விகிதத்தில் பிளாஸ்டிக் உறுப்புகள் அடங்கிய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன.

இக்கலை மாணவர்களுக்குப் புதியதன்று. 1942-இல் அமெரிக்க நாட்டுக் கடற்படை, பல்வகை விமானங்களின் மாதிரிகள் 5 இலட்சம் வேண்டுமெனப் பள்ளி மாணவர்களிடமே கேட்டது. மாணவர்களும் மரத்தைச் செதுக்கிச் செய்து கொடுத்தனர். அம்மாதிரிகளுக்குக் கறுப்பு வண்ணம் மட்டுமே பூசப்பட்டது. வானத்தில் தோன்றும் நிழலுருவைக் கண்டு, இது நம்முடையது, இது பகைவருடையது என்று வேறுபடுத்த வீரரைப் பழக்குவதே அவற்றின் பயன். அப்பயனுக்கு உருவம் ஒன்றே போதியதாயிற்று. ஆனால், அவ்விமானம் எங்கே பறந்தது, எவ்வளவு காலம் உழைத்தது, யார் யார் கைகள் அதன்மீது பட்டன என்னும் வரலாற்றைக் கறுப்பு நிழல் கூறமாட்டாது. அதனைக் கூறவல்லது, தேய்ந்த வண்ணமே.

விமானத்தை அருகே நின்று உற்றுப் பார்த்தவர் நம்மிற் சிலரே. எனினும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வது கல்வி முறை. வண்ணம் உதிரும் இயல்பைக் கற்க விமானத் தளம் வேண்டுவதில்லை. கடலூரும் சிதம்பரமும் போதும்.

கடலூர் முதுநகரில், உப்பனாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்த துறைமுகத்திற்குச் சென்று பாருங்கள். பழைய மரப்படகு ஒன்றின் பக்கப் பலகையைக் கூர்ந்து நோக்குங்கள். மேலே நீலம் பூசியிருக்கும். அது உரிந்த இடத்தில் முன்னொரு முறை பூசிய பச்சை தெரியும். பச்சையும் போன இடத்தில் அடிப்பூச்சு தெரியும். அதுவும் அகன்ற இடத்தில் வெளிறிய மரம் தெரியும். படகின் வயதை இவ்வரிசையில் நாம் படித்துவிடலாம். நம் மாவட்டத்துக் கைவினைஞர்கள் பண்ருட்டியிலும் வண்டிப்பாளையத்திலும் செய்யும் கொலுப் பொம்மைகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். பொம்மையின் மூக்கு நுனி தேய்ந்தால் முதலில் வெளிப்படுவது மண்ணன்று; வண்ணத்திற்கு அடியில் பூசிய வெள்ளை. ஆகவே முதற் பாடம் இது: வண்ணம் என்பது ஒரு தோலன்று, பல தோல்களின் அடுக்கு. உதிரும்போது அடுக்கின் வரிசை மாறுவதில்லை.

அதே துறைமுகத்தில் இரும்பு நங்கூரத்தையும் காணுங்கள். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கிறது. வண்ணத்தில் ஊசி முனையளவு பிளவு இருந்தாலும் அதன் வழியே உப்புநீர் புகுந்து இரும்பைத் துருவாக்குகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பது. இடம் போதாமையால் அது மேலுள்ள வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்குகிறது. கொப்புளம் உடைந்து செதில் உதிர்கிறது. அதன் கீழே செம்பழுப்புக் கோடு வழிகிறது. எனவே, இரும்பின்மேற் பூசிய வண்ணம் பெரும்பாலும் அடியிலிருந்தே கெடுகிறது என்பது இரண்டாவது பாடம்.

இனிச் சிதம்பரத்திற்குச் செல்வோம். அங்குள்ள நான்கு கோபுரங்களின் மேல்நிலைகளில் வண்ணம் தீட்டிய சுதை உருவங்கள் நிறைந்துள்ளன. வண்ணம் பூசிச் சில ஆண்டுகள் கழிந்தபின் அவற்றை நோக்கினால், வெயிலும் மழையும் நேரே படும் தலையும் தோளும் வெளுத்திருக்கும். கொடுங்கையின் நிழலில் ஒதுங்கிய பகுதிகளில் நிறம் செழுமையாகவே நிற்கும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் வண்ணத்தைப் பிணைத்து நிற்கும் பசையைச் சிதைக்கின்றன. மேற்பரப்பு சுண்ணப்பொடி போலாகிறது. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். அப்பொடியை மழை கழுவிக்கொண்டு இறங்கும் வழியெல்லாம் நெடுங்கோடுகளாகக் கறை படிகிறது. வெளுத்தல் வேறு, உதிர்தல் வேறு, கறை படிதல் வேறு என்பது நமக்கு மூன்றாவது பாடம்.

அக்கோவிலிலேயே பொன் வேய்ந்த சிற்றம்பலக் கூரையும் இருக்கிறது. பொன் காற்றோடும் நீரோடும் எளிதில் கலவாத உலோகம். ஆதலால் அதில் இரும்புத் துருவும் இல்லை, செம்புக் களிம்பும் இல்லை. ஆக, பொருள் எதுவோ அதற்கேற்பவே அதன் முதுமையும் அமையும். இவ்வொரு கருத்தை மனத்தில் நன்கு பதித்துக் கொண்டால், மாதிரி விமானம் செய்வோர் பலர் செய்யும் பெரும் பிழையிலிருந்து தப்பலாம்.

அப்பிழை யாது? விமானத்தின் உடல் முழுவதும் துருவின் செந்நிறம் தீட்டிவிடுவதே அது. விமானத்தின் மேற்றகடு பெரும்பாலும் அலுமினியக் கலவையாலானது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. காற்றுப் பட்டவுடன் அதன்மீது மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் தோன்றி, அதுவே கவசமாகி நிற்கிறது. உப்புக் காற்றில் நெடுநாள் நின்றால் அலுமினியமும் அரிப்புறும். ஆனால் அங்கே தோன்றுவது வெண்சாம்பல் நிறப் பொடி, செந்துரு அன்று. எஃகினாற் செய்த சில உறுப்புகளிலும் புகைக்குழாயிலும் மட்டுமே துருவின் நிறத்திற்கு இடமுண்டு.

மற்றொரு பிழையும் உண்டு. ஹரிக்கேன் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் அணி இம்பால் போர்முனையில் ஓட்டியது இவ்விமானத்தைத்தான். இதன் முன்பகுதிக்கு உலோகத் தகடு. பின்னுடலுக்கோ மரச்சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய துணி. துணியின்மேல் வண்ணம் உரிந்தால் வெள்ளி போன்ற உலோகம் எங்ஙனம் வெளிப்படும்? ஆயினும் அப்பின்னுடலிலும் வெள்ளி வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துவிடுவோர் உளர். மஸ்கிட்டோ என்னும் விமானமோ முதன்மையாக மரத்தாலானது. 1944-இல் இந்திய-பர்மா அரங்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் ஒட்டுகள் தளர்ந்தமையால், அவ்விமானங்களைப் பறக்கவிடாது நிறுத்தி வைக்க நேர்ந்தது. மரத்தின் முதுமை ஒட்டிலே தெரியும், துருவிலே தெரியாது. எனவே தூரிகையை எடுக்குமுன், இவ்விடத்தில் அடியில் இருப்பது யாது என்று கேட்டறிதல் வேண்டும்.

அடுத்து, எங்கே தேயும் என்னும் வினா. விமானத்தின் வண்ணத்தைத் தேய்ப்போர் மூவர்: மனிதர், காற்று, எஞ்சின்.

மனிதரை முதலில் நோக்குவோம். விமானி ஏறியிறங்கும் இறக்கை அடியில் காலணி பட்டுப் பட்டு வண்ணம் போகும். எஞ்சின் மூடியை நாள்தோறும் திறந்து மூடும் தொழிலாளியின் திருப்புளி, திருகாணித் தலைகளைச் சுற்றி வண்ணத்தைக் கீறும். எரிபொருள் ஊற்றும் வாயினருகே வழிந்த எண்ணெய் கறையாகும். துப்பாக்கிக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரம் தேயும். கை எட்டாத, கால் படாத இடத்தில் இத்தேய்வு இராது. வால் நுனியில் காலணித் தேய்வு காட்டினால், அங்கே ஏறி நின்றவர் யாவர் என்று காண்போர் கேட்பர்.

காற்றோ இறக்கையின் முன்விளிம்பிலும் சுழலியின் விளிம்பிலும் மணலையும் தூசியையும் வாரி அடிக்கும். அவ்விடங்களில் வண்ணம் தூள் தூளாகப் போகும். எஞ்சினின் புகை, குழாய் வாயிலிருந்து பின்னோக்கி நீண்டு படியும். அப்புகையும் எப்போதும் கறுப்பாகவே இராது. ஈயம் கலந்த பெட்ரோலை எரித்த பழைய எஞ்சின்கள் வெளிர்சாம்பல் நிறப் படிவையும் விட்டன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோபுரத்தின் கறை மேலிருந்து கீழாகவே இறங்கும். விமானத்திற்கோ இரு வாழ்வு. தரையில் நிற்கும்போது மழையின் கறை கீழ்நோக்கி வழியும். பறக்கும்போது எண்ணெயும் புகையும் பின்னோக்கி ஓடும். இவ்விரு திசைகளையும் அறிந்து தீட்டியவரே விமானத்தை அறிந்தவர்.

சக்கரங்களில் ஒட்டும் மண்ணும் இடத்தைச் சொல்லும். பண்ருட்டிப் பக்கம் செம்மண். சிதம்பரத்தைச் சுற்றிக் கருமை கலந்த வண்டல். கடற்கரையில் வெளிறிய மணல். பழைய தென்னார்க்காடு மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையிலும் இரண்டாம் உலகப்போரின்போது விமானத்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. அத்தளத்தில் இறங்கிய விமானத்தின் மாதிரியைச் செய்ய விரும்புவோர், அவ்வூர் மண்ணின் நிறத்தை நேரில் சென்று பார்த்துவிட்டே தூரிகை பிடித்தல் நன்று.

வண்ணம் உதிர்வதற்கு, பூசிய முறையும் காரணமாகும். அடிப்பூச்சு இன்றிப் பளபளப்பான உலோகத்தின்மேல் நேரே பூசிய வண்ணம் இறுகப் பற்றுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியத் தரைப்படையின் விமானங்கள் பலவற்றுக்குப் போர்க்களத்திலேயே உலோகத்தின்மேல் பச்சை வண்ணம் பூசினர்; அது பெரும் செதில்களாக உரிந்ததை அக்காலப் புகைப்படங்களிற் காணலாம். நம் நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. உலோக நிறத்திலேயே பறந்துவந்த மிக்-21 விமானங்கள் பலவற்றுக்கு, 1971-ஆம் ஆண்டுப் போரையொட்டி, பகைவர் கண்ணிற் படாதிருக்கும்பொருட்டு உருமறைப்பு வண்ணம் அவசரமாகப் பூசப்பட்டது. அத்தகைய விமானத்தின் மாதிரியில் வண்ணம் சற்று மிகுதியாகவே தேய்ந்திருந்தால், அது போர்க்கால அவசரத்தின் சான்றாகும். மாறாக, தொழிற்சாலையில் முறைப்படி அடிப்பூச்சிட்டு வெளிவந்து சில நாளே ஆன விமானத்தை அவ்வாறு சிதைத்துக் காட்டுவது பொய்ச் சான்றாகும்.

இனி அளவைப் பற்றிய கணக்கு. இஃது எளியது, ஆயினும் பலரும் மறப்பது. 72இல் ஒரு பங்கு மாதிரியில் 1 மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளிப் புள்ளி வைத்தால், உண்மை விமானத்தில் அது 72 மில்லிமீட்டர், அதாவது 7 செண்டிமீட்டருக்கும் மேற்பட்ட வழுக்கை ஆகிறது. உண்மையில் 2 செண்டிமீட்டர் அளவே உதிர்ந்த ஒரு செதிலைக் காட்ட வேண்டுமாயின், புள்ளியின் அகலம் 0.28 மில்லிமீட்டர் மட்டுமே இருத்தல் வேண்டும். இறக்கையெங்கும் பருத்த புள்ளிகளை வைத்தவர், உள்ளங்கையளவு ஓட்டைகள் விழுந்த விமானத்தைச் செய்தவராவார். வகுப்பறையில் விகிதக் கணக்கைச் சலிப்போடு போடும் மாணவன், இங்கே அதனை ஊசிமுனையில் உணர்கிறான்.

செய்முறைகளுள் நான்கினை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, பென்சில். வெள்ளி நிறப் பென்சிலை நன்றாகக் கூர்செய்து, தகட்டு விளிம்புகளிலும் திருகாணித் தலைகளிலும் மெல்லத் தொடுவது. தொடக்கத்தாருக்கு இதுவே ஏற்றது, தவறினால் துடைத்துவிடலாம்.

இரண்டாவது, நுரைப்பஞ்சு. பஞ்சில் ஒரு துண்டைக் கிழித்து வண்ணத்தில் தோய்த்து, தாளில் ஒற்றி ஒற்றி ஏறத்தாழ வற்றச் செய்தபின், முன்விளிம்பில் இலேசாக ஒற்றுவது. கிழிந்த பஞ்சின் ஒழுங்கற்ற வடிவம், கை திட்டமிட்டு வரைய இயலாத ஒழுங்கின்மையைத் தருகிறது. இயற்கையின் தேய்வு வரிசையாக நிற்பதில்லை அல்லவா?

மூன்றாவது, உப்பு. முதலில் மாதிரி முழுவதும் அலுமினிய நிறம் பூசிக் காயவிடுவர். பின்னர், உதிர வேண்டிய இடங்களை நீரால் நனைத்து உப்புத் துகளைத் தூவுவர். அது காய்ந்து ஒட்டியபின் மேல்வண்ணத்தைத் தெளிப்பர். வண்ணம் உலர்ந்ததும் உப்பைத் தேய்த்து அகற்றினால், துகள் இருந்த இடமெல்லாம் அடியிலுள்ள உலோக நிறம் வெளிப்படும். உப்பனாற்றங்கரையில் படகின் வண்ணத்தைப் பல்லாண்டு முயன்று உரிப்பது எதுவோ, அதுவே மேசையின்மேல் ஒரு மணி நேரத்தில் அவ்வேலையைச் செய்துகாட்டுகிறது. ஆனால் வேலை முடிந்ததும் உப்பு முழுவதையும் நீரிற் கழுவிவிட வேண்டும்.

நான்காவது, தலைமுடி படிய அடிக்கும் தெளிப்புப் பசை. உலோக நிறத்திற்கும் மேல்வண்ணத்திற்கும் இடையே இதனைத் தெளித்து, மேல்வண்ணமாக நீரிற் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வகையைப் பூசுவர். வண்ணம் காய்ந்தவுடன் நீரால் நனைத்து விறைப்பான தூரிகையால் தேய்த்தால், இடையிலுள்ள பசை இளகி மேல்வண்ணம் செதிலாகக் கழலும். படகிற் கண்ட அடுக்கு முறைதான் இங்கும் நிகழ்கிறது. மேலே தீட்டிப் பொய்யாகக் காட்டாமல், அடியிலிருப்பதை மெய்யாகவே வெளிப்படுத்துவதால் இம்முறை சிறப்புடையது.

உறுப்புகளை ஒட்டியபின் மூட்டுகளை உப்புத்தாளால் தேய்க்கும்போதும், வண்ணம் தெளிக்கும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் இருங்கள். தின்னர் போன்றவற்றைத் தீயினருகே வையாதீர்கள். எதனையும் மாதிரியின்மேற் செய்யுமுன் பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் செய்து பாருங்கள்.

முறைகளைக் கற்பது எளிது. எங்கே நிறுத்துவது என்று கற்பதே அரிது. முதற் புள்ளி நன்றாக அமைந்தால் கை மேலும் நூறு புள்ளிகளை நாடும். அதனைத் தடுப்பது சான்று ஒன்றே. நீங்கள் செய்யும் விமானத்தின் புகைப்படத்தைத் தேடுங்கள். அஃது எந்த ஆண்டில், எந்த இடத்தில் எடுத்தது என்று பாருங்கள். படத்தில் உள்ள தேய்வைக் காட்டுங்கள். படத்தில் இல்லாததற்குக் காரணம் கூற முடியுமாயின் மட்டும் காட்டுங்கள். ஒவ்வொரு கீறலையும் சுட்டி, இஃது ஏன் இங்கே உள்ளது என்று கேட்டால் விடை கூற இயல வேண்டும். வரலாற்று ஆசிரியனுக்கும் அறிவியலறிஞனுக்கும் உரிய நேர்மை இதுவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். மாதிரியில் உதிர்வைக் கலையாக்கலாம். மெய்யான பழம்பொருளில் உதிர்வு இழப்பே. சிதம்பரம் சிவகாமியம்மன் சந்நிதி மண்டபத்தின் விதானத்தில், 17-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. அங்கே உதிரும் ஒரு செதிலோடு ஓர் உருவத்தின் கண்ணோ விரலோ மறைந்துவிடும். அதனை மீண்டும் பெற இயலாது. அத்தகைய இடத்தில் கைவைக்காமல், சாயாமல், கீறாமல் இருப்பதே நம் கடமை. உதிர்வின் காரணங்களை அறிந்த மாணவன், அவ்வோவியத்தின் அருகே ஏன் ஈரமும் புகையும் கைபடுதலும் ஆகா என்பதைப் பிறரினும் நன்கு உணர்வான்.

இறுதியாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இது வீண் வேலையா? டாக்டர் அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, அங்கே காட்சிக்கு வைத்திருந்த, பணியிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்களே தம்மை ஈர்த்தன என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். புத்தம் புது விமானங்கள் அல்ல அவை, உழைத்து ஓய்ந்தவை. உழைத்த பொருளுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு. ஆனால் உழைத்த விமானங்கள் நம் கண்முன்னிருந்து நீங்கிக்கொண்டே இருக்கின்றன. மிக்-21 விமானம் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றது. இனி அதனைப் பீடத்தின்மேலோ காட்சிக்கூடத்திலோதான் காணக்கூடும். பீடத்தில் நிற்கும் விமானத்தை மழையினின்று காக்கப் பளபளப்பான வண்ணத்தை மீண்டும் மீண்டும் பூசுவர், அது தேவையானதே. ஆனால் அப்புது வண்ணத்தின் அடியில் விமானியின் காலடித் தேய்வும், மூடியைத் திறந்த தொழிலாளியின் திருப்புளிக் கீறலும் மறைந்துவிடுகின்றன.

விமானியின் பெயரை வரலாறு எழுதி வைக்கிறது. இரவெல்லாம் விழித்து எஞ்சினைப் பழுது பார்த்தவனின் பெயரைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அவன் விட்டுச் சென்றது, திருகாணியைச் சுற்றி வண்ணம் உதிர்ந்த ஒரு சிறு வட்டமே. அவ்வட்டத்தை, அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில், பணிவோடு வைக்கும் மாணவன், பெயரறியாத அவ்வுழைப்பாளிக்கு ஒரு குறிப்பு எழுதுகிறான். அதனை அளவு தவறாமல் எழுதுவானாக.